பிள்ளையின் கண்ணெதிரே ஒரு மலை

திண்டிவனத்தில் இருந்து செஞ்சி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தராத ஒரு கணக்கு தெரியும். சாலையோரப் புளியமரங்கள் விருட்டென்று பின்னால் ஓடுகின்றன. அவற்றுக்கு அப்பால் மல்லாட்டைக் கொல்லை நிதானமாக நகர்கிறது. செஞ்சி நெருங்கும்போது தெரியும் ராஜகிரி மலையோ அப்படியே நிற்கிறது. வேகமாக ஓடுவது பக்கத்தில், அசையாமல் நிற்பது தொலைவில் என்று மூளை கணக்குப் போட்டுக்கொண்டே வருகிறது. கூடவே இன்னொரு கணக்கும் நடக்கிறது. இரண்டு கண்களும் சுமார் ஆறு சென்டிமீட்டர் தள்ளித் தள்ளி இருப்பதால் இரண்டிலும் விழும் படங்கள் கொஞ்சம் வேறுபடுகின்றன. அந்தச் சின்ன வேறுபாட்டை வைத்துத்தான் மூளை ஆழத்தைக் கட்டி எழுப்புகிறது.

இந்த இரண்டு கணக்குகளுக்கும் வேண்டிய தரவை உலகத்துக்குப் பதிலாகத் தானே தயாரித்துக் கொடுக்கும், தலையில் மாட்டும் பொருள்தான் விஆர் (மெய்நிகர்) ஹெட்செட்.

இதன் வேர் பழையது. 1838இல் சார்லஸ் வீட்ஸ்டன், ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட இரண்டு கோணங்களில் வரைந்து, கண்ணுக்கு ஒன்று வீதம் காட்டினார். தட்டையான கோடுகள் திரண்டு கன உருவமாக நின்றன. இருபது ஆண்டுகளுக்குள் அந்த வித்தை தமிழ்நாட்டுக்கே வந்துவிட்டது. மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் 1858இல் மதுரையை இப்படி இரட்டைப் படங்களாக எடுத்து வெளியிட்டார். ஆனால் அந்தப் படங்களில் தலையைத் திருப்பினால் எதுவும் மாறாது. தலை திரும்பும்போது காட்சியும் அதற்கேற்ப மாற வேண்டும் என்பதை 1968இல் ஐவன் சதர்லேண்ட் செய்து காட்டினார். அவருடைய கருவியைக் கூரையில் இருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. இன்று அதே வேலையை அரைக் கிலோ எடையுள்ள ஒரு பெட்டி செய்கிறது. அதன் கேமராக்கள் அறையைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன, உணரிகள் தலையின் ஒவ்வொரு அசைவையும் அளக்கின்றன, திரை நொடிக்கு 72 முதல் 120 தடவை புதிதாக வரையப்படுகிறது. தலை அசைந்து 20 மில்லி நொடிக்குள் படமும் மாறிவிட்டால் மூளை அதை இடம் என்றே ஏற்றுக்கொள்கிறது. ஒரு பிள்ளைக்கு இதை மாட்டிவிடுகிறோம் என்றால், அந்தப் பிள்ளையை நமக்குத் தெரியாத ஓர் இடத்துக்கு அனுப்பிவைக்கிறோம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். மாட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை அத்தனையும் இதிலிருந்தே வருகின்றன.

முதலில் அளவு. இந்தக் கருவிகள் பெரியவர் முகத்துக்காகச் செய்யப்பட்டவை. பெரியவர்களின் இரு கருவிழி மையங்களுக்கும் இடையே சராசரியாக 63 மில்லிமீட்டர் இருக்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஏறக்குறைய 50தான். மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 2 கருவியில் லென்ஸ் இடைவெளிக்கு 58, 63, 68 என்று மூன்றே நிலைகள் உண்டு. 53 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள பிள்ளை அதை மாட்டினால் லென்ஸின் நடு வழியாகப் பார்க்க முடியாது. படம் மங்கும், கண் அதைச் சரிக்கட்டப் பாடுபடும், தலை வலிக்கும். ஆகவே பெட்டியைப் பிரிக்கும் முன்பே கண்ணாடிக் கடைக்குப் போய் பிள்ளையின் ‘பிடி’ (PD, அதாவது கருவிழி மையங்களின் இடைவெளி) எவ்வளவு என்று அளந்து கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. கருவியின் மிகச் சிறிய நிலையைவிட அது குறைவாக இருந்தால் இந்த வருடம் வேண்டாம்.

வயதுக்கும் வரம்பு உண்டு. குவெஸ்ட் கருவிகளுக்கு 13 என்று இருந்ததை 2023இல் மெட்டா 10 ஆகக் குறைத்தது. 10 முதல் 12 வயது வரை பெற்றோர் திறந்து நிர்வகிக்கும் கணக்கில்தான் பிள்ளை நுழைய முடியும். சோனி 12 என்கிறது, ஆப்பிள் 13 என்கிறது. அவசரத்தில் மாமாவின் கணக்கிலேயே பிள்ளையை உள்ளே விடுவதுதான் நம் வீடுகளில் எளிதில் நடந்துவிடக்கூடியது. அப்படி விட்டால் கருவி அந்தப் பிள்ளையைப் பெரியவர் என்றே நினைக்கும். முகம் தெரியாதவர்கள் குரல் கொடுத்துப் பேசும் அரங்குகளும் திறந்துகொள்ளும். பிள்ளைக்கெனத் தனிக் கணக்கு வேண்டும். பிள்ளை பார்ப்பது உங்கள் கைப்பேசியிலோ டிவியிலோ அப்படியே தெரியும்படியும் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது அறை. பெரியவர் கருவிக்குள் தெரியும் தரையில் கோடு வரைந்து எல்லை வைத்துவிட்டால், பிள்ளை அதை நெருங்கும்போது கருவி எச்சரிக்கும். நின்று நடமாட ஏறக்குறைய இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் வெற்றிடம் வேண்டும். கட்டில், பீரோ, டிவி ஸ்டாண்டு போக அவ்வளவு இடம் மிஞ்சும் கூடம் நம் பக்கம் எத்தனை வீட்டில் இருக்கிறது? பாய் விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்ப்பதே என் பரிந்துரை. கருவியிலும் இருந்த இடத்திலேயே பார்ப்பதற்கென்று ஓர் அமைப்பு உண்டு. உட்கார்ந்த பிள்ளை விழாது, கட்டில் மேல் ஏறி நின்று ஃபேனை நோக்கிக் கையை வீசாது. தவழ்ந்து வரும் தம்பியும், விட்டத்தில் தொங்கும் தூளியும், வாசல்படி இறக்கமும் கருவிக்கு நீங்கள் சொல்லாத விஷயங்கள். அதனால் ஒரு பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில், கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பீரோவின் ஆளுயரக் கண்ணாடியைத் துணி போட்டு மூடுங்கள். இடத்தைக் கண்டுபிடிக்க அறையின் மூலைமுடுக்குகளைத் தேடும் கேமராக்கள், கண்ணாடிக்குள் தெரியும் அறையையும் அறை என்றே நம்பிக் குழம்பும். கரண்ட் போய் அரையிருட்டானாலும் கேமராக்களுக்கு இடம் பிடிபடாது, அப்போதே கழற்றிவிட வேண்டும். வெயிலும் பகைதான். ஜன்னல் வெயில் லென்ஸில் விழும்படி கருவியைக் கவிழ்க்காமல் வைத்தால், அது சூரியனைக் குவித்துத் திரையைப் பொசுக்கிவிடும். அதற்குச் சில நிமிடங்களே போதும்.

எடை நெற்றியிலும் கன்னத்திலும் தொங்கக்கூடாது. பட்டையைப் பின்மண்டையின் மேட்டுக்குக் கீழே இறக்கி மாட்டினால் பாரம் பின்னாலும் பகிர்ந்துகொள்ளப்படும். கல்யாண வீட்டில் பத்துப் பிள்ளைகள் வரிசையாக மாட்டும்போது வியர்வையும் ‘மெட்ராஸ் ஐ’யும் முகப்பஞ்சு வழியே கைமாறும். ஒவ்வொரு முறையும் துடையுங்கள். ஒரு பிள்ளைக்குக் கண் சிவந்திருந்தாலும் அன்று யாருக்கும் வேண்டாம்.

பஸ்ஸில் வாந்தி எடுக்கும் பிள்ளையா? அதற்குக் காரணமான அதே சண்டை இங்கே தலைகீழாக நடக்கும். பஸ்ஸில் குனிந்து புத்தகம் பார்க்கும்போது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புகள் நகர்கிறோம் என்கின்றன, கண் நகரவில்லை என்கிறது. விஆர் ரோலர் கோஸ்டரில் கண் பாய்கிறது, காது அமைதியாக இருக்கிறது. எனவே தொடக்கத்தில் பிள்ளை தானாகத் திரும்பினால் மட்டும் காட்சி நகரும் நிகழ்ச்சிகளே நல்லது. கடலடியில் நின்று மீன்களைப் பார்ப்பது, இரவு வானத்தை அண்ணாந்து பார்ப்பது போன்றவை. முகத்துக்கு மிக அருகே பொருள்கள் வரும் விளையாட்டுகளைத் தவிர்க்க இன்னொரு காரணமும் இருக்கிறது. கருவியின் திரை ஒன்றிரண்டு மீட்டர் தூரத்தில் இருப்பதுபோல லென்ஸ்கள் காட்டும், அந்தத் தூரம் மாறாது. மூக்கருகே ஒரு பட்டாம்பூச்சி வந்தால் இரு கண்களும் உள்நோக்கித் திரும்பும், ஆனால் விழிலென்ஸ் பழைய தூரத்திலேயே குவிந்திருக்க வேண்டும். பிறந்ததில் இருந்து இணைந்தே பழகிய இரண்டு தசை வேலைகளை இது பிரித்துவிடுகிறது. முதல் நாள் ஐந்து நிமிடம், பிறகும் ஒரு தடவைக்குக் கால்மணி நேரம் போதும் என்பேன். பிள்ளை பேச்சை நிறுத்திக் கொட்டாவி விட்டாலோ முகம் வெளுத்தாலோ, நேரம் பார்க்காமல் கழற்றுங்கள்.

ஆய்வுகள் இதுவரை பெரிய அபாயம் எதையும் காட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 4 முதல் 10 வயதுள்ள 50 பிள்ளைகளைத் தலா அரை மணி நேரமாக இரண்டு சுற்று பறக்கும் விளையாட்டு ஆடவைத்துச் சோதித்தார்கள். பெரும்பாலோர் சிரமமின்றித் தாங்கினார்கள், பார்வையும் கெடவில்லை. 2017இல் இங்கிலாந்தின் லீட்ஸில் 8 முதல் 12 வயதுள்ள 20 பிள்ளைகள் 20 நிமிடம் ஆடினார்கள். கண்ணுக்குக் கடுமையான பாதிப்பு இல்லை, ஆனால் ஆடி முடித்த உடனே ஒரு பிள்ளைக்கு ஆழப் பார்வையும் இன்னொரு பிள்ளைக்கு உடல் சமநிலையும் குலைந்திருந்தன. கழற்றியவுடன் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடவிடக்கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு அந்த இரண்டு பிள்ளைகள் போதும்.

என்னை அதிகம் வியக்கவைப்பது நினைவு பற்றிய ஆய்வு. ஸ்டான்ஃபோர்டில் செகோவியாவும் பெய்லன்சனும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகளுக்கு அவர்களைப் போன்ற உருவம் திமிங்கலங்களோடு நீந்துவதை விஆரில் காட்டினார்கள். சில நாள் கழித்துக் கேட்டபோது, கதையாக மட்டும் கேட்டவர்களைவிட விஆரில் பார்த்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளில் அதிகம் பேர் அது நிஜமாகவே தங்களுக்கு நடந்தது என்றார்கள். மழலையரோ எந்த வழியில் சொன்னாலும் ஏறக்குறைய ஒரே அளவில் நம்பினார்கள். அதனால் கழற்றியதும் உட்காரவைத்துப் பேசுங்கள், எங்கே போனாய், யார் இருந்தார்கள், அங்கே பார்த்தது எதனால் செய்யப்பட்டது என்று. பழங்காலக் காடுகளைக் காட்டும் நிகழ்ச்சி இருந்தால் அதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை வானூர் பக்கம் திருவக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்து கல்லாகிப்போன மரங்கள் அங்கே வெட்டவெளியில் கிடக்கின்றன. 1781இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் சோனராட் பதிவு செய்த இடம் அது. கல்லுக்குள் ஓடும் மரநாரைக் கண்ணால் கண்ட பிள்ளை, விஆரில் எழும் காட்டைப் பார்த்து இன்னும் கூர்மையான கேள்விகள் கேட்கும்.

கடைசியாக ஒன்று. மாட்டிய பிள்ளை ‘அம்மா, ரெண்டு ரெண்டா தெரியுது’ என்றாலோ, மற்றவர்கள் துள்ளும் இடத்தில் தனக்கு எல்லாம் தட்டையாக இருக்கிறது என்றாலோ, கருவியைக் குறை சொல்லி விட்டுவிடாதீர்கள். இரு கண்களும் சேர்ந்து வேலை செய்யாமல் இருக்கலாம், அல்லது ஒரு கண் மட்டும் சோம்பி, மூளை அதை ஒதுக்கத் தொடங்கியிருக்கலாம். பல சமயம் வெளியில் பார்த்தால் தெரியாத குறை இது. சின்ன வயதிலேயே பிடித்தால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம், வயது ஏற ஏறக் கடினம். 4 முதல் 7 வயதுப் பிள்ளைகளின் சோம்பல் கண்ணுக்கு, நல்ல கண்ணின் படத்தை மங்கலாக்கிக் காட்டும் லூமினோபியா என்ற விஆர் சிகிச்சைக்கே அமெரிக்க அரசு 2021இல் அனுமதி தந்திருக்கிறது. அது மருத்துவர் எழுதித் தந்து அவர் மேற்பார்வையில் நடப்பது, வீட்டில் நாமாகச் செய்து பார்ப்பதற்கு இல்லை. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, புதுச்சேரி தவளக்குப்பத்தில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையோ விழுப்புரம், திண்டிவனத்துக்காரர்களுக்கு ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம்தான். பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.