கப்பல் போனது, கூட்டம் கலையவில்லை

பணியாற்றிய கப்பல்கள் பழைய இரும்பாகிவிட்டன. ஆனால் நாடெங்கும் சிதறிப்போன முன்னாள் கடற்படையினர் ஒருவரை ஒருவர் தேடிப் பிடித்து ஒன்றுகூடுகிறார்கள். பழங்கதை பேசுவதற்காக மட்டும் அல்ல.

கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்கக் கூடாது என்பார்கள். ஐ.என்.எஸ். விராட் கவிழவில்லை. 2020 செப்டம்பரில் குஜராத்தின் அலாங் கடற்கரையில் கரையேற்றப்பட்டு, துண்டு துண்டாக வெட்டப்பட்டது. ஏலத்தில் அதற்குக் கிடைத்த விலை 38.54 கோடி ரூபாய். பிரிட்டிஷ் கடற்படையில் ஹெர்மிஸ் என்ற பெயரில் 1959-ல் பணியைத் தொடங்கி, 1982 ஃபாக்லாந்து போரில் தலைமைக் கப்பலாக நின்று, 1987 மே 12 முதல் இந்தியக் கொடியின் கீழ் ஓடிய விமானந்தாங்கிக் கப்பல் அது. இந்தியக் கடற்படையில் இருந்தபோது மட்டும் 2,250 நாட்களுக்கு மேல் கடலில் கழித்தது. ஓடிய தூரம் பூமியை 27 முறை சுற்றி வருவதற்குச் சமம். அருங்காட்சியகமாக்கலாம் என்ற யோசனைகள் வந்தன, காரியம் நடக்கவில்லை. 2021 பிப்ரவரியில் உடைப்புக்குத் தடை விதித்த உச்ச நீதிமன்றமும், ஏற்கெனவே பெருமளவு வெட்டப்பட்டுவிட்டதால் ஏப்ரலில் மனுவை முடித்து வைத்தது.

ஒரே சமயத்தில் சுமார் 1,500 பேர் வாழ்ந்த ஊர் அது. 30 ஆண்டுகளில் அதில் வந்து போனவர்கள் பல ஆயிரம் பேர். சொந்த ஊர் அணைக்குள் மூழ்கிப் போனவர்களைப் போல, அவர்கள் இன்று சுட்டிக்காட்ட ஓர் இடம் இல்லாதவர்கள்.

இங்கேதான் ராணுவ வீரருக்கும் கடற்படை மாலுமிக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. ராணுவ வீரர் பெரும்பாலும் ஒரு ரெஜிமென்ட்டில் சேர்ந்து அதிலேயே ஓய்வு பெறுகிறார். அந்த ரெஜிமென்ட்டுக்கு ஒரு நிரந்தர முகவரி இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தவர் எத்தனை வயதானாலும் வெலிங்டனுக்குப் போய் நிற்கலாம். மாலுமிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கப்பல் மாறும், கூட்டாளிகள் மாறுவார்கள். 1985-ல் ஒரு கப்பலில் இருந்தவருக்கும் 1990-ல் அதே கப்பலில் இருந்தவருக்கும் அறிமுகமே இல்லாமல் போகலாம். கடைசியில் கப்பலும் போய்விடும். மிஞ்சுவது ஒரு பெயர்ப் பட்டியல்தான். அதையும் யாராவது ஒருவர் உட்கார்ந்து தயாரித்தால்தான் உண்டு.

தேடும் படலம்

மாலுமிகள் இளம் வயதிலேயே ஓய்வு பெறுபவர்கள். பதின்பருவத்தின் இறுதியில் சேர்ந்து 15 ஆண்டுகள் முடித்து வெளியே வரும்போது வயது 35-ஐத் தாண்டியிருக்காது. பிறகு வங்கி, ரயில்வே, பொதுத்துறை நிறுவனம், வணிகக் கப்பல் என்று இரண்டாவது வாழ்க்கை தொடங்குகிறது. பஞ்சாபில் ஒருவர், ஒடிசாவில் ஒருவர், கேரளத்தில் ஒருவர் என்று பிரிந்து, இன்லண்ட் கடிதங்கள் சில ஆண்டுகள் போய் வந்து, ஏதோ ஒரு வீடு மாற்றத்தில் முகவரி தொலைந்து போகும். இருபது முப்பது ஆண்டுகள் கழித்து, பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு, அவன் எங்கே இருக்கிறானோ என்ற நினைப்பு வருகிறது.

தேடுவதில் ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு. கப்பலில் யாரும் யாரையும் முழுப்பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஊர்ப் பெயர், தொழில் பெயர், பட்டப்பெயர் என்று ஏதோ ஒன்று ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் அறைக்காரர் ஸ்டோக்கர். தெற்கிலிருந்து வந்தவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் மதராஸி. முகமும் குரலும் நினைவிருக்கும், இயற்பெயர் இருக்காது. இந்த நிலையில் கைகொடுப்பது பர்சனல் நம்பர். கடைசியில் ஓர் எழுத்தோடு முடியும் அந்த எண்ணைப் பல மாலுமிகள் சாகும் வரை மறப்பதில்லை. ஒரே நாளில் சேர்ந்தவர்களின் எண்கள் அடுத்தடுத்து அமைந்திருந்தால், ஒருவர் எண்ணைக் கொண்டு பக்கத்து எண்காரரை நினைவுபடுத்திக்கொள்ள முடியும்.

இந்தத் தேடல் பெரும்பாலும் பயிற்சிக் காலத் தோழர்களிடமிருந்து தொடங்குகிறது. ஒடிசாவின் சில்கா, லோனாவாலாவில் உள்ள ஐ.என்.எஸ். சிவாஜி, ஜாம்நகரில் உள்ள ஐ.என்.எஸ். வல்சுரா போன்ற பயிற்சி நிலையங்களில் ஒன்றாகச் சேர்ந்த அணிகள் 25-ஆவது ஆண்டையும் 50-ஆவது ஆண்டையும் ஒட்டிக் கூடுவது வழக்கம். கப்பல்கள் போனாலும் இந்தக் கரைத்தளங்கள் அதே இடத்தில் இருக்கின்றன. வாட்ஸ்அப் வந்த பிறகு வேகம் கூடியிருக்கிறது. ஒருவர் கிடைத்தால் அவரிடம் மூன்று எண்கள் இருக்கும். கடற்படைத் தலைமையகத்தில் முன்னாள் படையினர் நலனுக்கென இயங்கும் இயக்குநரகம் 'குவார்ட்டர்டெக்' என்ற ஆண்டிதழையும் வெளியிடுகிறது.

கடைசிக் கொடி இறங்கும்போது

பயிற்சித் தோழர்களைக் கூட்டுவதைவிடக் கடினமானது ஒரு கப்பலின் ஆட்களைக் கூட்டுவது. அதற்குத் தானாக அமையும் வாய்ப்பு, கப்பல் பணியிலிருந்து விடுவிக்கப்படும் நாள். சூரியன் மறையும் வேளையில் தேசியக் கொடி, கடற்படைக் கொடி, நீண்ட மெல்லிய பணிநிறைவுக் கொடி மூன்றும் இறக்கப்படும். 2017 மார்ச் 6 அன்று மும்பையில் விராட்டுக்கு இந்தச் சடங்கு நடந்தபோது, அப்போதைய பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் அட்மிரல் சர் ஃபிலிப் ஜோன்ஸும், ஹெர்மிஸ் காலத்தில் அதில் பணியாற்றிய பிரிட்டிஷ் மாலுமிகளும் வந்திருந்தார்கள். வேறு பெயரில், வேறு கொடியின் கீழ் இருந்தாலும் அது தங்கள் கப்பல்தான் என்று கடல் தாண்டி வந்தவர்கள்.

2019 மே 6 அன்று விசாகப்பட்டினத்தில் ஐ.என்.எஸ். ரஞ்சித் விடைபெற்றது. விழாவின் தலைமை விருந்தினர் முன்னாள் கடற்படைத் தளபதி அட்மிரல் டி.கே. ஜோஷி. 1983-ல் சோவியத் யூனியனில் அந்தக் கப்பல் பணியில் சேர்க்கப்பட்டபோது இருந்த முதல் குழுவில் அவரும் ஒருவர். கப்பல் ஒன்றுகூடலின் தனித்தன்மை இதுதான். அதிகாரிகள் தங்கள் பயிற்சித் தோழர்களோடும், மாலுமிகள் தங்கள் அணியோடும் தனித்தனியே கூடுவது வழக்கம். கப்பலின் பெயரால் கூடும்போதுதான் கேப்டனும் சமையல்காரரும் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள்.

சில கப்பல்கள் அதிர்ஷ்டம் செய்தவை. நீர்மூழ்கிக் கப்பல் குர்சுரா 2001-ல் ஓய்வு பெற்று, 2002-ல் விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாயிற்று. அங்கே பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்வோர் ஓய்வுபெற்ற கடற்படையினர். முதல் விக்ராந்த்துக்கு அப்படிக் கொடுத்து வைக்கவில்லை. 1997 ஜனவரி 31-ல் ஓய்வு பெற்று, 2012 வரை மும்பையில் அருங்காட்சியகமாக நின்று, 2014-ல் உடைக்கும் நிலைக்கு வந்தது. அதன் உலோகத்தின் ஒரு பகுதி 2016-ல் பஜாஜ் நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள்களில் சேர்ந்தது. ஆனால் பழைய பெயர் 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் புதிய கப்பலுக்குச் சூட்டப்பட்டது. பழைய கப்பலின் மணியும் 2023-ல் புதிய கப்பலுக்கு வந்து சேர்ந்தது. கப்பல்களுக்கு மறுபிறவி உண்டு. அவற்றில் இருந்தவர்களுக்கு இல்லை.

குக்ரி என்ற காயம்

கூடுவதில் மகிழ்ச்சி மட்டுமே இருப்பதில்லை. 1971 டிசம்பர் 9 இரவு, டையூ அருகே பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கிக் கப்பல் ஏவிய டார்ப்பிடோவால் ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலோடு போனார். அவருக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. பிழைத்தவர்கள் 67 பேர். அவர்கள் கூடும்போது வராதவர்களின் எண்ணிக்கை எப்போதும் வந்தவர்களைவிட அதிகம். அன்று 20 வயதில் இருந்த மாலுமி இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்.

டையூவில் குக்ரிக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. அதே பெயரில் 1989-ல் பணியில் சேர்ந்த இரண்டாவது குக்ரி, 2021 டிசம்பரில் ஓய்வு பெற்றதும் 2022 ஜனவரி 26 அன்று டையூ நிர்வாகத்திடமே ஒப்படைக்கப்பட்டது. முதல் கப்பலின் ஆட்களும் இரண்டாவது கப்பலின் ஆட்களும் சந்திக்க ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

தேதி குறிப்பது சுலபம் அல்ல

ஒன்றுகூடல் என்று முடிவானதும் வேலைகள் வரிசை கட்டி நிற்கும். பலர் விரும்புவது டிசம்பர் மாதம். கராச்சி மீது 1971-ல் ஏவுகணைப் படகுகள் நடத்திய தாக்குதலின் நினைவாக டிசம்பர் 4 கடற்படை தினம். டிசம்பர் 8 நீர்மூழ்கி தினம். வெயிலும் இருக்காது. ஆனால் கடற்படை தினத்தின் பெரிய விழா நடக்கும் நகரில் அந்த வாரம் அறை கிடைப்பது கஷ்டம். அந்த நகரமும் மாறி வருகிறது: 2022-ல் விசாகப்பட்டினம், 2023-ல் சிந்துதுர்க், 2024-ல் பூரி.

ரயில் பயணம் இன்னொரு கவலை. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. நான்கு மாதம் முன்பே டிக்கெட் எடுக்கும் வசதி 2024 நவம்பரிலிருந்து 60 நாட்களாகக் குறைந்தது. கடற்படைத் தளத்துக்குள் போக வேண்டுமானால் பெயர், அடையாள அட்டை, வாகன விவரங்களை முன்கூட்டியே கொடுத்து அனுமதி பெற வேண்டும். கப்பலைச் சுற்றிப் பார்க்க ஏற்பாடு செய்தாலும், அதன் செங்குத்தான இரும்பு ஏணிகள் எழுபது வயது முழங்காலுக்கு ஏற்றவை அல்ல. இத்தனையையும் கடந்து கூடினால், முதலில் மறைந்தவர்களின் பெயர்களை வாசித்து மௌன அஞ்சலி. பிறகுதான் படா கானா, கேன்டீன் ரம், கப்பலில் கற்றுக்கொண்ட இந்தியில் விடிய விடியப் பேச்சு.

பேச்சில் கிடைக்கும் பென்ஷன்

அந்தப் பேச்சில்தான் சில சமயம் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தே மாறுகிறது. ஒரு காலத்தில் மாலுமிகள் 10 ஆண்டு நேரடிப் பணி, அதன் பின் 10 ஆண்டு 'ஃப்ளீட் ரிசர்வ்' என்ற விதியின் கீழ் சேர்க்கப்பட்டார்கள். 1976 ஜூலை 3 தேதியிட்ட ஆணை, ரிசர்வுக்கு அனுப்பும் முறையை நிறுத்தியது. 10 ஆண்டுகளோடு வெளியே வந்தவர்களில் பலர் ஓய்வூதியம் இல்லாமல் ஊர் திரும்பினார்கள். நீண்ட வழக்குகளுக்குப் பிறகு, 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரிசர்வ் ஓய்வூதியம் கேட்க உரிமை இல்லை. ஆனால் ஆணையால் பாதிக்கப்பட்டவர்களில் குறிப்பிட்ட காலத்துக்குள் வரும் பிரிவினருக்குச் சிறப்பு ஓய்வூதியம் உண்டு.

தீர்ப்பு வந்தது. ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கு முன் வெறுங்கையோடு கிராமத்துக்குப் போனவருக்கு அதை யார் சொல்வது? ஓய்வூதியமே இல்லாதவரைத் தேடி ஓய்வூதிய அலுவலகத்தின் சுற்றறிக்கை போகாது. பழைய கூட்டாளியின் தொலைபேசி அழைப்பு போகும்.

ஓய்வூதியம் பெறுபவர்களுக்கும் சிக்கல் இல்லாமல் இல்லை. பாதுகாப்புத் துறை ஓய்வூதியங்கள் வங்கிகளிடமிருந்து 'ஸ்பர்ஷ்' என்ற கணினி முறைக்கு மாற்றப்பட்டபோது, 2022 ஏப்ரல் மாத ஓய்வூதியம் 58 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு உரிய நாளில் வரவில்லை. ஆண்டு அடையாளச் சான்று பதிவாகாததே காரணம். பிறகு அவகாசம் கொடுத்துப் பணம் அனுப்பப்பட்டது. கணினி பழகாத முதியவர்களுக்கு அந்த நாட்களில் வழிகாட்ட, விவரம் தெரிந்த ஒரு முன்னாள் சகா அருகில் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மனைவியின் பெயர். பழைய ஓய்வூதிய ஆணைகள் பலவற்றில் அது இருக்காது. இருந்தாலும் எழுத்துப் பிழையோ பிறந்த தேதி முரண்பாடோ இருக்கலாம். கணவர் உயிரோடு இருக்கும்போது மும்பை மான்குர்தில் உள்ள மாலுமிகள் ஆவண அலுவலகத்துக்கு எழுதித் திருத்திக்கொள்ளலாம். அவர் போன பிறகு, குடும்ப ஓய்வூதியத்துக்காக ஒரு விதவை சான்றிதழ்களோடு அலுவலகம் அலுவலகமாக ஏற வேண்டியிருக்கும். அந்தக் குடும்ப ஓய்வூதியமும் சாதாரணமாகக் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம்தான்.

அதனால் ஒன்றுகூடலுக்குப் பெயர் கொடுக்கும் படிவத்தில் சைவமா அசைவமா, எந்த ரயில் என்று கேட்கும் இடத்திலேயே இன்னும் இரண்டு கட்டங்களைச் சேர்ப்பது நல்லது. மனைவியின் பெயர், அவருடைய தொலைபேசி எண். ஓய்வூதிய ஆணையைக் கையோடு கொண்டு வரச் சொல்லி, ஒரு காலை நேரத்தை அதைச் சரிபார்க்க ஒதுக்கலாம். சுற்றுலாவுக்குப் போகும் பஸ் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பினால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.