வாணலியில் பற்றும் தீ

தை பிறந்துவிட்டால் தஞ்சை ஜில்லாவில் கல்யாணங்களுக்குக் குறைவே இல்லை. சம்பா நெல் களத்துக்கு வந்து, கையில் நாலு காசும் புரளுகிற காலம் அல்லவா? திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். நாதஸ்வரத்தைக் கேட்க மற்றவர்கள் பந்தலில் உட்கார்ந்தார்கள். நானோ வழக்கம் போலச் சமையல் கொட்டகைப் பக்கம் நழுவினேன்.

கீற்றுக் கொட்டகைதான். ஆனால் கோட்டை அடுப்பு இல்லை, காலம் மாறிவிட்டது. காஸ் அடுப்புகள் வரிசையாக எரிந்து கொண்டிருந்தன. ஒரு பெரிய வாணலியில் அப்பளம் பொரிக்க எண்ணெய் காய்ந்து கொண்டிருந்தது. பாயசத்துக்குப் பதம் பார்க்கச் சமையற்காரரை யாரோ கூப்பிட்டார்கள். அவர் அந்தண்டை திரும்பினார். எண்ணெய் புகைந்தது. புகை தடித்தது. அடுத்த நிமிஷம், 'குப்'பென்று வாணலி முழுவதும் தீ!

எடுபிடிப் பையன் ஒருவன் தண்ணீர் வாளியைத் தூக்கிவிட்டான்.

"டேய், தண்ணியைத் தொடாதேடா!" என்று அலறினார் சமையற்காரர். ஒரே எட்டில் வந்து காஸைத் திருகி மூடினார். அண்டாவை மூடும் பெரிய தட்டைக் கேடயம் போல முன்னால் பிடித்துக்கொண்டு, தம் பக்கத்திலிருந்து அப்படியே நகர்த்தி வாணலியை மூடினார். தீ அடங்கிவிட்டது.

அப்போதுதான் பெண்ணின் சித்தப்பா மூச்சு வாங்க ஓடி வந்தார். கையில் புத்தம் புதிய சிவப்புச் சிலிண்டர். "நான் இதைக் கொண்டு வருவதற்குள் அணைத்துவிட்டீர்களே, மாமா!" என்றார்.

"நல்ல வேளை அண்ணா, நீங்க முன்னாடி வரல்லே! அதை வேகமா அடிச்சிருந்தா எண்ணெய் நம்ம மேலேயும் கொட்டகை மேலேயும் தெறிச்சிருக்கும்" என்றார் சமையற்காரர்.

சித்தப்பாவின் முகம் வாடிவிட்டது. பாவம், நல்ல எண்ணத்தோடு வாங்கியதுதானே! அந்த வாட்டத்தைப் பார்த்த பிறகுதான் இந்த விஷயத்தை ஊன்றி விசாரித்தேன்.

முதலில் தண்ணீரின் சமாசாரம். எண்ணெயைவிடத் தண்ணீர் கனம். எரியும் எண்ணெயில் விழுந்ததும் அடியில் போகும். போன கணமே கொதித்து ஆவியாகும். ஒரு டம்ளர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 டம்ளர் இடம் கேட்கும். அந்த வேகத்தில் எண்ணெய் திவலை திவலையாக மேலே கிளம்பும். ஒவ்வொரு திவலையும் ஒரு தீப்பந்தம். மேலே கீற்றுக் கூரை இருந்தால், பிறகு கேட்கவேண்டுமா?

கூரையைப் பற்றிய இந்தப் பயம் வீண் பயம் அல்ல. 2004 ஜூலை 16-ஆம் தேதியைக் கும்பகோணம் மறக்குமா? பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைத்த இடத்தில் தொடங்கிய நெருப்பு கீற்றுக் கூரையைப் பிடித்து, 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. அது எண்ணெயில் பற்றிய தீ அல்ல. ஆனால் அடுப்புக்கும் கூரைக்கும் நடுவே எவ்வளவு கொஞ்சம் நேரம்தான் இருக்கிறது என்பதை அந்தத் துக்கம் நமக்குச் சொல்லிவிட்டது.

சரி, சித்தப்பா வாங்கிய சிலிண்டரில் என்ன குற்றம்? அதில் 'ஏ, பி, சி' என்று போட்டிருந்தது. ஏ என்றால் கட்டை, துணி, காகிதம். பி என்றால் பெட்ரோல், மண்ணெண்ணெய். சி என்றால் எரிவாயு. "பி-யில் எண்ணெய் வந்துவிட்டதே!" என்று நீங்கள் கேட்கலாம். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

பெட்ரோல் குளிர்ந்திருக்கும்போதே ஒரு பொறியில் பற்றும். சமையல் எண்ணெய் அப்படி அல்ல. பட்சணம் வேகுவது சுமார் 180 டிகிரி சென்டிகிரேடில். அதையும் தாண்டி 350 டிகிரியை நெருங்கினால், பொறியே இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளும். பொடியை அடித்தால் ஜுவாலை ஒரு கணம் மறையும். எண்ணெயின் சூடு மறையாது. காற்றுப் பட்டதும் மீண்டும் எரியும். கரியமில வாயு அடைத்த சிலிண்டரும் அப்படியே. நுரைச் சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். ஆகையால் அதுவும் கூடாது.

இதற்கென்றே ஒரு தனிச் சிலிண்டர் இருக்கிறது. பொட்டாசியம் உப்புகளைத் தண்ணீரில் கரைத்து அடைத்தது. 'வெட் கெமிக்கல்' என்று கேட்டால் கடையில் தெரியும். தண்ணீர் கூடாது என்று சொல்லிவிட்டு, தண்ணீரில் கரைத்ததையா என்கிறீர்களா? நீண்ட குழலின் நுனியிலிருந்து அது பூந்தூறல் போல மெல்ல விழுகிறது. தூறல் சூட்டை வாங்கிக்கொள்கிறது. உப்பு எண்ணெயோடு கூடி ஒரு சோப்பு ஏடாக மேலே படிகிறது. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு என்பது நமக்குத் தெரிந்த சங்கதிதானே! அந்த ஏடு காற்றைத் தடுத்துவிடும்; எண்ணெய் ஆறும் வரை காவலும் இருக்கும்.

அமெரிக்கர்கள் 1998-இல் சமையலறைத் தீயைத் தனி வகையாகப் பிரித்து அதற்கு 'கே' என்று பெயர் வைத்தார்கள். ஐரோப்பாவில் 'எஃப்' என்பார்கள். ஆகவே வாங்கும்போது லேபிளில் 'கே' அல்லது 'எஃப்' எழுத்தும், தீப்பற்றிய வாணலிப் படமும் இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பிய முறையில் 5எஃப், 25எஃப், 75எஃப் என்று எண் போட்டிருக்கும். அத்தனை லிட்டர் எண்ணெயில் பரீட்சை பார்த்தது என்று அர்த்தம். வீட்டுக்குச் சிறியது போதும். கல்யாண மண்டபத்துக்கும் பலகாரக் கடைக்கும் பெரியது வேண்டும். சிலிண்டரை அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள். தீயைத் தாண்டியா போய் எடுப்பீர்கள்? வாசல் ஓரமாக இருக்கட்டும்.

சிலிண்டர் இல்லாத வீட்டில்? காஸை மூடுங்கள். குமிழ் தீக்கு அப்பால் இருந்தால் கையை நீட்டாதீர்கள். பொருந்துகிற தட்டை நகர்த்தி மூடுங்கள். சொட்டச் சொட்ட நனைந்த சாக்கு வேண்டாம். வாணலியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடவே ஓடாதீர்கள். மூடியதை "அணைந்ததா?" என்று எட்டிப் பார்க்கத் திறக்காதீர்கள், நன்றாக ஆறட்டும். தீ கைமீறினால் எல்லோரும் வெளியே வந்து 101-க்குப் போன் செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணெய் அடுப்பில் இருக்கும்போது பாயசத்தைப் பதம் பார்க்கப் போகாதீர்கள்!

அன்று பந்தியில் அப்பளம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. வேறு வாணலி, புது எண்ணெய். சம்பந்தி வீட்டார் முணுமுணுத்தார்கள். சித்தப்பா மட்டும் ஒன்றும் பேசாமல், அந்த எடுபிடிப் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவன் இலையில் இரண்டு அப்பளத்தைத் தம் கையாலேயே வைத்தார்.