விமான நிறுவனம் முடங்கினால் டிக்கெட் பணத்தை எங்கே கேட்பது?

விமானம் ரத்து என்று குறுஞ்செய்தி வந்ததும் நம்மவர்கள் முதலில் செய்வது, அந்த நிறுவனத்தின் கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடுவது. மேலே தெரியும் எண்ணை அழைப்பார்கள். மறுமுனையில் பணிவான குரல் ஒன்று, ரீஃபண்ட் போட ஒரு ஆப்பை இறக்கச் சொல்லும், ஓடிபி கேட்கும். டிக்கெட் பணம் போனது போதாதென்று வங்கிக் கணக்கில் இருந்ததும் போய்விடும். விமான நிறுவனம் தடுமாறும்போதெல்லாம் இப்படிப்பட்ட போலி எண்கள் முளைக்கின்றன, படித்தவர்களே ஏமாறுகிறார்கள். எண் வேண்டுமானால் டிக்கெட்டிலிருந்தோ நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்தோ எடுங்கள். தேடலில் வரும் எண் வேண்டவே வேண்டாம்.

இந்தத் தடுமாற்றங்களின் பின்னணி சுருக்கமானது. அரசிடம் இருந்த ஏர் இந்தியாவை 2018-ல் விற்கப் பார்த்தார்கள். வாங்க ஆள் வரவில்லை. 2021 அக்டோபரில் 18,000 கோடி ரூபாய் மதிப்பில் டாடா குழுமம் ஏலத்தில் எடுத்தது. 2022 ஜனவரி 27-ல் நிறுவனம் கைமாறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆகாசா ஏர் என்ற புதிய தனியார் நிறுவனம் பறக்கத் தொடங்கியது. அடுத்த மே மாதமே கோ ஃபர்ஸ்ட் படுத்துவிட்டது. 2012-ல் கிங்ஃபிஷர், 2019-ல் ஜெட் ஏர்வேஸ் போன வழிதான். கோவையிலிருந்து பறந்த ஏர் கார்னிவல் ஓராண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. புதிய நிறுவனம் வருவது நல்லது, போட்டி வந்தால் கட்டணம் குறையும். ஆனால் மூன்று மாதம் முன்னதாக டிக்கெட் எடுப்பவர், அந்த நிறுவனத்துக்கு ஈடில்லாமல் கடன் கொடுக்கிறார். ஏர் இந்தியாவின் நட்டத்தை அரசு நம் வரிப்பணத்தில் தாங்கியது. தனியார் நிறுவனம் விழுந்தால் தாங்க ஆளில்லை.

புதிய நிறுவனத்துக்கு அமைச்சகம் தருவது தடையில்லாச் சான்று. அமைச்சர் வாழ்த்துவார், செய்தித்தாளில் படம் வரும். அதை வைத்துக்கொண்டு ஒரு விமானத்தையும் பறக்கவிட முடியாது. அதற்குமேல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, ஏஓசி என்ற இயக்க உரிமம் தர வேண்டும். ஏஓசி இல்லாத நிறுவனத்தின் பெயரில் யாராவது 'அறிமுகச் சலுகை' டிக்கெட்டோ, பயிற்சிக் கட்டணம் வாங்கிக்கொண்டு விமானப் பணிப்பெண் வேலையோ தருவதாகச் சொன்னால் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற எண்ணை அழையுங்கள். மறுநாள் என்று தள்ளினால் பணம் கைமாறிக் கைமாறிப் போய்விடும்.

டிக்கெட் எடுக்கும்போது பெரும்பாலானோர் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஏஜென்ட் கடையில் பெயரையும் வயதையும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். கைபேசி எண் என்ற இடத்தில் ஏஜென்ட் தன் எண்ணைப் போட்டுவிடுகிறார். ரத்துச் செய்தி அவருக்குப் போகிறது. பயணி அதிகாலையில் பெட்டியோடு விமான நிலையம் போய்த்தான் தெரிந்துகொள்கிறார். இதில் இழப்பு நேரம் மட்டுமல்ல. டிஜிசிஏ விதிப்படி, உரிய முன்னறிவிப்பு இல்லாமல் உள்நாட்டு விமானத்தை ரத்து செய்தால், ஒரு மணி நேரம் வரையான பயணத்துக்கு 5,000, இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000 ரூபாய் வரை இழப்பீடு உண்டு. ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து இதைவிடக் குறைவென்றால் அந்தத் தொகைதான். புயல், வெள்ளம் போன்ற காரணங்களுக்குக் கிடையாது. சரியான தொடர்பு எண் தராத பயணிக்கும் கிடையாது என்று அதே விதி சொல்கிறது. ஆகவே உங்கள் எண், உங்கள் மின்னஞ்சல். ஏஜென்ட் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, எதிரில் நின்று திரையைப் பார்த்துச் சரிபாருங்கள்.

ரத்தானபின் 'பணத்தை உங்கள் கணக்கில் கிரெடிட்டாக வைத்திருக்கிறோம், அடுத்த பயணத்துக்குப் பயன்படும்' என்பார்கள். சம்மதிப்பதா வேண்டாமா என்பது பயணியின் விருப்பம். நிறுவனம் தானாக அப்படி வைக்கக் கூடாதென்று விதியிலேயே இருக்கிறது. தள்ளாடும் நிறுவனத்தின் கிரெடிட், மூடப்போகும் கடையின் கூப்பன்தான். பணமாகவே கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

இனி, நிறுவனமே நின்றுவிட்டால்? கார்டில் பணம் கட்டியிருந்தால் கட்டிய பணத்தை வங்கி வழியே திரும்பப் பெறும் 'சார்ஜ்பேக்' கேட்டு நேராக வங்கிக்கு எழுதுங்கள். பயணத் தேதியிலிருந்து வழக்கமாக 120 நாள் அவகாசம் என்றாலும் வங்கிக்கு வங்கி மாறும் என்பதால் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். கடிதத்தில் பிஎன்ஆர் எண், பணம் கட்டிய தேதி, தொகை, கார்டின் கடைசி நான்கு இலக்கம் இருக்க வேண்டும்; பெற வேண்டிய சேவை கிடைக்கவில்லை என்ற ஒரு வரி கட்டாயம் வேண்டும். டிக்கெட்டையும் ரத்துச் செய்தியின் படத்தையும் இணையுங்கள். கிளையில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள். 'ஏர்லைன்ஸைக் கேளுங்க சார்' என்று ஊழியர் திருப்பி அனுப்பப் பார்ப்பார். நகர வேண்டாம். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியில் புகார் செய்யலாம். யுபிஐ-யில் அனுப்பிய பணத்துக்கு இந்த வழி இதே வலுவோடு இல்லை.

அடுத்தது திவால் நடவடிக்கை. நிறுவனம் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போய், மனு ஏற்கப்பட்டதும் தடைக்காலம் தொடங்கும். அதற்குப்பின் நுகர்வோர் ஆணையம் உட்பட எங்கும் அந்த நிறுவனத்தின் மீது புது வழக்குப் போட முடியாது; ஏற்கெனவே போட்ட வழக்கும் நின்றுவிடும். கோ ஃபர்ஸ்ட் விஷயத்தில், விதிப்படி பணத்தைத் திருப்பிக் கொடு என்று டிஜிசிஏ உத்தரவிட்டது. 2023 மே 10-ல் தீர்ப்பாயம் மனுவை ஏற்றது. அதோடு அந்த உத்தரவு காகிதத்தில் தங்கிவிட்டது. திவால் சட்டமும் டிஜிசிஏ விதியும் இப்படி மோதும் என்று அதிகாரிகளுக்குத் தெரியாதா? ஜெட் மூடிய அனுபவம் கண் முன்னே இருந்ததே.

இந்தக் கட்டத்தில் பயணிக்குள்ள வழி, தீர்ப்பாயம் நியமிக்கும் இடைக்காலத் தீர்வு அலுவலரிடம் கோரிக்கைப் படிவம் கொடுப்பது. அவர் பொது அறிவிப்பு வெளியிடுவார். அது பெரும்பாலும் நிறுவனத்தின் பதிவு அலுவலகமும் முதன்மை அலுவலகமும் உள்ள ஊர்ப் பத்திரிகைகளில்தான் வரும். மும்பை நிறுவனமென்றால் மதுரைக்காரர் கண்ணில் படாது. திவால் வாரியமான ஐபிபிஐயின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். எந்தப் படிவம், எந்த மின்னஞ்சல், கடைசித் தேதி என்ன என்று இருக்கும். அவகாசம் பெரும்பாலும் இரண்டு வாரம்தான். வரிசையில் வங்கிகளும் ஊழியர்களும் முன்னால் நிற்பார்கள், பயணிகள் கடைசிப் பக்கம். முழுப் பணமும் வரும் என்று நம்ப வேண்டாம். ஆனால் படிவம் கொடுக்காதவருக்குப் பேச்சே இல்லை. இதனால்தான் சார்ஜ்பேக்கை முதலில் சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன்: முதல் வாரம்.

ஏர் இந்தியா இன்னும் அரசு நிறுவனம் என்ற நினைப்பில் தகவல் உரிமை மனு அனுப்பிக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். கைமாறியபின் அது தனியார் நிறுவனம். அதன் மீது ரிட் மனு நிலைக்காது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதத்தில் சொல்லிவிட்டது. தகவல் கேட்பதானால் டிஜிசிஏவிடம் கேளுங்கள்: என் புகார் மீது என்ன நடவடிக்கை என்று தேதியோடு.

ஓடிக்கொண்டிருக்கும் நிறுவனத்தின் மீதான புகாருக்கு முதலில் அதன் நோடல் அதிகாரி, அடுத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளம். அங்கே பிரச்சினை தீராமலே புகாரை முடித்துவைத்துவிடுவதும் உண்டு. அந்தப் பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஐந்து லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வழி தெரியாமல் திணறினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அவர்கள் தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பேசும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.