கதவு எப்பக்கம் திறக்கிறது?

புது வீடு கட்டுவோருக்குப் பழைய ஏற்பாட்டில் ஒரு கட்டளை உண்டு. இணைச்சட்ட நூல் 22ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தில் அதைக் காணலாம். வீட்டின் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டு, எவரேனும் அங்கிருந்து தவறி விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்பது அதன் கருத்து. வீட்டின் அழகைப் பற்றியோ அளவைப் பற்றியோ அங்கே ஒரு சொல்லும் இல்லை. அந்நாட்டு வீடுகளின் மேல்தளம் தட்டையானது. மக்கள் அங்கே உலவினர், உறங்கினர், சணல் தட்டைகளைப் பரப்பி வைத்தனர். அன்றாடம் கால் படும் இடம் என்பதாலேயே அதற்கெனத் தனியொரு கட்டளை தேவைப்பட்டது.

நாமோ வீடு கட்டத் தொடங்கும்போது முகப்பைப் பற்றித்தான் முதலில் பேசுகிறோம். நானும் அவ்வாறே பேசியவன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, வாசலில் வளைவு வைப்பதா, தூண் வைப்பதா என்று என் மைத்துனரும் நானும் மூன்று நாள் விவாதித்தோம். குளியலறைக்கு இரண்டு நிமிடம் செலவிட்டிருப்போம். நீளம் ஏழடி, அகலம் நாலடி, கதவு இரண்டரையடி. அவ்வளவே.

வீடு மந்திரித்துக் குடிபுகுந்த நான்காம் ஆண்டு, ஒரு நாள் விடியற்காலை, திருப்பலிக்கு முதல் மணி அடிக்கும் முன்பே குளியலறையில் ஏதோ விழுந்த ஓசை கேட்டது. ஓடிச் சென்றோம். தாழ்ப்பாள் எளிதில் கழன்றுவிட்டது. கதவோ நான்கு விரற்கடைக்கு மேல் திறக்கவில்லை. அது உட்புறம் திறக்கும் கதவு. அதன்மேல் சாய்ந்தபடி என் தாயார் கிடந்தார். தள்ளினால் அவருடைய இடுப்பில் இடிக்கிறது. தள்ளாவிட்டால் உள்ளே செல்ல வழியில்லை. கீல்களைக் கழற்றலாம் என்றால் அவையும் உட்புறமே இருந்தன. தெருக்கோடியிலிருந்து தச்சர் வந்து மேற்பலகையை அறுத்து எடுத்தார்; பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒருவன் அதன் வழியே நுழைந்தான். நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிடமும் தாயார் உள்ளிருந்து மங்கள வார்த்தை செபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அதன்பின் அவர் துணையின்றி நடக்கவேயில்லை.

அக்கதவை வெளிப்புறம் திறக்கும்படி மாற்றிப் பொருத்தத் தச்சருக்கு அரை நாள் போதுமானதாயிருந்தது. வரைபடத்தில் மாற்றுவதற்கோ, ஒரு சிறு வளைகோட்டை அழித்து மறுபக்கம் போட்டிருந்தாலே போதும்.

இதன் பின்னரே பிறர் வீடுகளையும் நான் கூர்ந்து நோக்கத் தொடங்கினேன். குளியலறையில் துண்டு போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் முதியோர் எழுகின்றனர். அக்கம்பி துண்டின் எடையைத் தாங்குமேயன்றி, ஆளின் எடையைத் தாங்காது. ஓடு பதிக்கும் முன்பே செங்கற்சுவரில் ஆழமாகப் பதித்த தடித்த கைப்பிடி ஒன்று வேண்டும். தரை ஓடு சொரசொரப்பாக இருத்தல் வேண்டும். வாட்டம் நீர்த்தாரையை நோக்கிச் சரியாக இருக்கின்றதா என்பதை, கொத்தனார் இருக்கும்போதே ஒரு வாளி நீரைக் கொட்டிப் பார்த்துவிடலாம்.

மாடிப்படிகளில் மற்றொரு பிழையைப் பல வீடுகளில் காண்கிறேன். படிகளைக் கான்கிரீட்டில் வார்க்கும்போது எல்லாம் ஆறு அங்குல உயரமாகத்தான் இருக்கும். பின்னர்த் தரைக்கு ஓடு பதிக்கும்போது தரை மட்டம் உயர்ந்து, முதற்படி மட்டும் தாழ்ந்துவிடும். நம் கால் ஓர் அளவுக்குப் பழகிவிட்டால், அரை அங்குல வேறுபாட்டிலும் இடறும். ஓட்டின் கனத்தை முன்னரே கணக்கிட்டுக்கொள்வது ஒன்றே இதற்கு வழி. படியின் கீழும் மேலும் ஒரே விளக்கை ஏற்றவும் அணைக்கவும் இரு சுவிட்சுகள் வைத்தல் பெருஞ்செலவன்று.

சமையலறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அங்கே நாளில் பல மணி நேரம் நிற்பவரை எவரும் கலந்தாலோசிப்பதில்லை. எங்கள் வீட்டிலும் அதுவே நடந்தது. சமையல் மேடையைக் கொத்தனார் வழக்கம்போல் முப்பத்து மூன்று அங்குலத்தில் கட்டிவிட்டுப் போனார். உயரம் குறைந்த என் மனைவி தோளைத் தூக்கிக்கொண்டே காய் அரிய வேண்டியதாயிற்று. தோள்வலிக்குத் தைலம் தடவினோமேயன்றி, மேடையை எவரும் ஐயுறவில்லை! சமைப்பவரை நிற்கச் சொல்லி, முழங்கை உயரத்தை அளந்து, அதில் நான்கு அங்குலம் குறைத்து மேடை கட்டினால் தோளும் முதுகும் வருந்தா. விளக்கும் அப்படியே. அறையின் நடுவில் தொங்கும் விளக்கு சமைப்பவரின் முதுகுப்புறம் அமைவதால், அவருடைய நிழலே அரிவாள்மணையின் மீது விழுகிறது. மேடைக்கு மேலேயே ஒரு சிறு விளக்கு வேண்டும். மாவரைக்கும் கிரைண்டர் எங்கே நிற்கும் என்று முடிவு செய்தபின்பு அதற்குரிய பிளக்கை வையுங்கள். பிளக் இருக்கும் இடத்துக்கு அக்கனத்த கல்லை ஆயுள் முழுதும் இழுக்க வேண்டாம்.

மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் கட்டாயமாயிற்று; ஆகவே அதை நினைவூட்ட ஆளுண்டு. மேடையின் உயரத்தை நினைவூட்ட வீட்டாரைத் தவிர வேறு யார் வருவார்?

அடித்தளம் தோண்டும் முன் எளிய சோதனை ஒன்று செய்யலாம். மனையில் சுண்ணாம்புப் பொடியால் அறைகளை உள்ளபடியே வரைந்து, கட்டில் வரும் இடத்தில் பாயை விரித்து, குடும்பத்தார் அனைவரும் ஒரு மாலைப்பொழுது அதற்குள் நடந்து பாருங்கள். காகிதத்தில் பெரிதாகத் தெரிந்த அறையில், கட்டிலைப் போட்டபின் நாற்காலிக்கு இடமில்லை என்பது அப்போது புலப்படும். நோயுற்றவருக்குக் குருவானவர் நற்கருணை கொண்டுவரும் நாளில் வெண்துணி விரித்த சிறு மேசைக்கும் ஓர் இடம் வேண்டுமன்றோ? அவ்வறை கீழ்த்தளத்திலேயே அமைதல் நன்று.

திருஇருதய ஆண்டவர் படத்தை வீட்டில் அரசராக நிறுவும் பக்தி முயற்சியை அருட்தந்தை மத்தேயோ 1907இல் தொடங்கினார். நம் இல்லங்களில் அப்படத்துக்கு இடம் தேடுவது பெரும்பாலும் வீடு முடிந்த பிறகுதான். கூடத்தின் நல்ல சுவரைத் தொலைக்காட்சி பிடித்துக்கொள்ள, படம் கதவுக்கு மேலே ஏறிவிடுகிறது. இரவுச் செபமாலைக்கு எத்தனை பேர் முழந்தாளிடுவர், பாட்டியின் நாற்காலி எங்கே, மெழுகுதிரியின் சுடர் மேற்பலகையில் படுமா என்பனவற்றை முன்னரே எண்ணி, அச்சுவரை வரைபடத்திலேயே குறித்து வைத்தல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. இதைச் சொல்ல எவரும் விரும்புவதில்லை. மூன்றடி நடைவழி செங்கோணமாகத் திரும்பும் வீட்டில், ஆறடிக்கு மேல் நீளமுள்ள சவப்பெட்டியைப் படுத்த நிலையில் திருப்ப இயலாது. எங்கள் பங்கில் ஒரு வீட்டில் அதைச் செங்குத்தாக நிறுத்தி வெளிக்கொணர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் முகத்தை மூடிக்கொண்டனர். நடைவழி நாலடி இருந்தால் திரும்பும். உயிரோடு இருப்பவரைச் சுமக்கும் தூக்குக்கட்டிலும் திரும்பும்.

என் தாயார் விழுந்த பின் இரண்டு ஆண்டுகள் இருந்தார். அவருடைய பெட்டி எங்கள் வீட்டிலிருந்து எங்கும் இடிக்காமல் வாசலுக்கு வந்தது. அந்த நடைவழியை நாலடியாக வைத்தது எங்கள் முன்யோசனையன்று. முகப்பு வளைவுக்குப் பொருத்தமாக இருக்குமென்று மைத்துனர் சொன்னதால் வைத்தோம்.