பணம் கட்டியும் விளம்பரமா? கொடைக்கானல் மலையில் சினிமா சந்தாதாரர்கள் கடுப்பு!

கொடைக்கானல்:

வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்க ஒரு வருட சந்தாவை மொத்தமாகக் கட்டியாச்சு. படம் ஓடுகிறது. கதாநாயகன் வில்லனை நெருங்குகிறான். கையை ஓங்குகிறான். டபக்! விளம்பரம் வந்து நிற்கிறது!

"காசும் கொடுத்து, விளம்பரமும் பார்க்கணுமா?"

மூஞ்சிக்கல்லில் இருப்பவருக்கும் சரி, மன்னவனூரில் இருப்பவருக்கும் சரி, மனதில் எழும் கேள்வி இதுதான். கேள்வி நியாயமானது. ஆனால் பதில் சொல்ல யாரும் மலை ஏறி வரப்போவதில்லை. பதிலை சந்தாதாரரே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

499 ரூபாயில் ஆரம்பம்

அமேசான் நிறுவனம் தன் பிரைம் திட்டத்தை 2016 ஜூலையில் இந்தியாவில் கொண்டுவந்தது. அப்போது வருடத்துக்கு 499 ரூபாய். பிறகு அது 999 ஆனது. 2021 டிசம்பரில் 1,499 ஆனது. "சரி, போகட்டும்" என்று ஜனங்கள் கட்டினார்கள்.

2025 ஜூன் 17-ந் தேதி முதல் படங்களுக்கு நடுவே விளம்பரம் வந்தது. வேண்டாம் என்றால் தனியாகக் கட்ட வேண்டும். வருடத்துக்கு 699 ரூபாய் அல்லது மாதத்துக்கு 129 ரூபாய் என்று அறிவித்தார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,499-ம் 699-ம் சேர்ந்தால் 2,198 ரூபாய். நேற்றுவரை 1,499-க்குக் கிடைத்த அதே நிம்மதிக்கு இப்போது இந்த விலை! டி.வி. சேனல்களைவிட விளம்பரம் குறைவாகத்தான் இருக்கும், நல்ல படங்களுக்குச் செலவு செய்யவே இந்த ஏற்பாடு என்பது கம்பெனி சொன்ன காரணம். பார்ப்பவருக்கோ விலையை ஏற்றியது மாதிரிதான்.

மலையில் வேறு வழி என்ன?

சமவெளியில் இருப்பவருக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. வீட்டுப் படம் பிடிக்கவில்லையா, சட்டையை மாட்டிக்கொண்டு தியேட்டருக்கு நடந்துவிடலாம்.

மலை அப்படியல்ல. ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரம். பழனிக்கு இறங்க 64 கிலோமீட்டர் மலைப்பாதை. இரவில் பனியும் குளிரும். பூம்பாறையில் பூண்டு உரித்து முடித்த குடும்பம் ராத்திரி ஒரு படம் பார்க்க ஆசைப்பட்டால், வீட்டுப் பெட்டிதான் கதி.

அந்தப் பெட்டிக்குப் படம் வர மூன்று வழி. ஒன்று கேபிள். மரம் சாய்ந்தால் ஒயர் அறுந்துபோகும். இரண்டாவது, கூரைமேல் வைத்த டிஷ். அடைமழை கொட்டினால் சிக்னல் போய்விடும். மூன்றாவது செல்போன் டவரும் இன்டர்நெட்டும். பள்ளத்தாக்கில் இருக்கும் வீட்டுக்கு டவர் கிடைப்பதே அதிர்ஷ்டம்.

ஆக, ஒரு கம்பெனி விதியை மாற்றினால் அடுத்த கம்பெனிக்குத் தாவுவது இங்கே அவ்வளவு சுலபமில்லை. அதனால்தான் ஒவ்வொரு மாற்றமும் மலையில் கூடுதலாக உறைக்கிறது.

ஆன்டெனா காலம்

ஒரு காலத்தில் தென்மாவட்ட ஜனங்கள் டி.வி. ஆன்டெனாவைத் திருப்பி வைத்ததே இந்த மலையை நோக்கித்தான். 1980-களின் கடைசியில் கொடைக்கானல் தூர்தர்ஷன் கோபுரம்தான் கீழே இருந்த வீடுகளுக்கு 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சியையும் ஞாயிற்றுக்கிழமைப் படத்தையும் அனுப்பியது. சந்தா கிடையாது. விளம்பரம் வந்தாலும் யாரும் முணுமுணுக்கவில்லை. ஓசிப் படத்துக்கு என்ன புகார்?

அப்புறம் டெக் வாடகை வந்தது. ஒரு ராத்திரிக்கு டெக்கும் கேசட்டும் எடுத்து வந்து, தெருவே கூடிப் பார்த்தது. அதற்குப் பின் கேபிள். மாதாமாதம் கேபிள்காரர் வாசலில் வந்து நின்று வசூல் செய்தார். படம் தெரியவில்லை என்றால் அவரைப் பிடித்து இரண்டு வார்த்தை கேட்கலாம். சண்டை போடலாம். "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று கடனும் சொல்லலாம்.

இப்போது வசூல் செய்வது செல்போன். யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

ஒரே வருடம், இரண்டு கதை

சந்தாதாரர் கோபப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2011-ம் வருடம் நல்ல சாட்சி.

அந்த ஜூலையில் அமெரிக்காவில் நெட்பிளிக்ஸ் நிறுவனம் ஒரு வெடியை வீசியது. அதுவரை தபாலில் வரும் டி.வி.டி.யும் இன்டர்நெட்டில் பார்க்கும் படமும் சேர்த்து மாதம் 9 டாலர் 99 சென்ட். இனி இரண்டுக்கும் தனித்தனியே 7 டாலர் 99 சென்ட் என்றார்கள். இரண்டும் வேண்டுமானால் கிட்டத்தட்ட 16 டாலர். ஒரே அடியில் 60 சதவீத ஏற்றம்!

சும்மா விடுவார்களா? மூன்று மாதத்தில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 8 லட்சம் சந்தா குறைந்தது. நடுவில், செப்டம்பரில், டி.வி.டி. வியாபாரத்தை 'குவிக்ஸ்டர்' என்ற பெயரில் தனியே பிரிக்கப்போவதாகவும் அறிவித்தார்கள். அதற்கும் எதிர்ப்பு. மூன்றே வாரத்தில், அக்டோபர் 10-ந் தேதி, அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். ஏற்றிய விலை மட்டும் இறங்கவில்லை.

அதே 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டில் எதிர்ப்பக்கக் காட்சி. முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா, அரசு கேபிள் டி.வி.யை மாதம் 70 ரூபாய்க்குத் தொடங்கிவைத்தார். அதில் 20 ரூபாய் அரசு நிறுவனத்துக்கு, 50 ரூபாய் கேபிள் ஆபரேட்டருக்கு. 

153 ரூபாய் 40 காசு

அந்த 70 ரூபாய் நிலைக்கவில்லை. டிராய் அமைப்பின் புதிய விதி 2019-ல் வீடுகளுக்கு வந்தது. 100 சேனல் வரை அடிப்படைக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. காசு வாங்கும் சேனல் வேண்டுமானால் அதற்குத் தனி விலை.

"வேண்டிய சேனலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், பில் குறையும்" என்று சொன்னார்கள். ஆனால் சினிமா சேனல், சீரியல் சேனல், கிரிக்கெட் சேனல் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தவருக்கு பில் ஏறியது. சேனலைத் தேர்வு செய்யத் தெரியாதவருக்கு, ஆபரேட்டர் கொடுத்த 'பேக்' வந்து உட்கார்ந்தது.

2024 ஜூலையில் அந்த 130 ரூபாய் உச்சவரம்பையும் டிராய் எடுத்துவிட்டது. செல்போனில் வரும் சினிமா சந்தாவுக்கோ ஆரம்பம் முதலே விலை வரம்பு எதுவும் கிடையாது. கம்பெனி வைத்ததுதான் விலை!

மகன் கோவையில், அம்மா மலையில்

இன்னொரு அடி 2023 ஜூலை 20-ந் தேதி விழுந்தது. 'ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தான்' என்று நெட்பிளிக்ஸ் இந்தியாவிலும் கறாராகச் சொன்னது.

மலைக் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். மகன் கோவையிலோ சென்னையிலோ வேலை பார்ப்பான். சந்தா அவன் கட்டுவான். அதே பாஸ்வேர்டில் அப்பாவும் அம்மாவும் மலையில் படம் பார்ப்பார்கள். குடும்பம் ஒன்றுதான், ரேஷன் கார்டும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் கம்பெனிக் கணக்கில் அது இரண்டு வீடு!

பிழைப்புக்காகப் பிள்ளைகளைக் கீழே அனுப்பிய ஊர்களுக்கு இந்த விதி புரியவே இல்லை. "பெற்ற தாய் வேற வீடா?" என்று கேட்டால், கம்ப்யூட்டர் என்ன பதில் சொல்லும்?

நம்ம ஊர்க் குகைக்கும் சந்தா!

வேடிக்கை என்னவென்றால், குணா குகையில் சிக்கிய இளைஞரின் கதையைச் சொன்ன 'மஞ்சும்மல் பாய்ஸ்' படம் 2024 பிப்ரவரியில் தியேட்டருக்கு வந்து, மே 5-ந் தேதி ஹாட்ஸ்டாருக்கு வந்தது. கொடைக்கானல்காரர் தன் ஊர்க் கதையை வீட்டில் பார்க்கவும் சந்தா கட்டத்தான் வேண்டியிருந்தது.

அந்த ஹாட்ஸ்டாரும் அடி வாங்கிய கம்பெனிதான். 2023 ஐ.பி.எல். கிரிக்கெட்டின் செல்போன் ஒளிபரப்பு அதன் கையைவிட்டுப் போனது. ஜியோ சினிமா அதை ஓசியிலேயே கொடுத்தது. அதே மார்ச் மாதத்தோடு எச்.பி.ஓ. தொடர்களும் ஹாட்ஸ்டாரில் நின்றன. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதத்தில் சுமார் 1 கோடியே 25 லட்சம் சந்தா காலி!

ஓசி நிலைத்ததா? இல்லை. 2025 பிப்ரவரி 14-ந் தேதி இரண்டும் சேர்ந்து 'ஜியோ ஹாட்ஸ்டார்' ஆனது. போட்டி போனது, ஓசி கிரிக்கெட்டும் போனது.

ஆனால் ஒன்று. ஜனங்கள் ஒதுங்கி நின்றால் விலை இறங்கவும் செய்யும். நெட்பிளிக்ஸ் 2021 டிசம்பரில் இந்தியாவில் தன் விலையைத் தானே குறைத்தது. 499 ரூபாய்த் திட்டம் 199 ஆனது. 199 ரூபாய் செல்போன் திட்டம் 149 ஆனது. யாரும் ஊர்வலம் போகவில்லை, கோஷம் போடவில்லை. இந்த விலைக்கு வேண்டாம் என்று ஏராளமானோர் வாங்காமல் இருந்தார்கள். அவ்வளவுதான்.

சந்தாதாரர் செய்ய வேண்டியது

கோபப்பட்டு ரிமோட்டை வீசி எறிவதால் லாபமில்லை. சட்டம் கொடுத்திருக்கும் பிடி சில உண்டு.

முதலாவது, தானாகப் பணம் எடுக்கும் 'ஆட்டோபே'. ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும். அதைப் பார்த்ததும் வேண்டாம் என்று நிறுத்தலாம். அந்த எஸ்.எம்.எஸ்.சை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

இரண்டாவது, சந்தா சேருவது சுலபம், விலகுவது கஷ்டம் என்று பட்டனை ஒளித்து வைப்பது குற்றம். 'சந்தாப் பொறி' என்றே பெயர் வைத்து, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ந் தேதி வெளியிட்ட விதியில் அதைத் தடை செய்திருக்கிறது.

மூன்றாவது, 1915 என்ற எண். தேசிய நுகர்வோர் உதவி மையம். தமிழிலேயே புகார் சொல்லலாம்.

நான்காவது, கம்பெனி மும்பையில் இருந்தாலும் கடல் தாண்டி இருந்தாலும், 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடைக்கானல்காரர் திண்டுக்கல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் போதும். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

கேபிள் ஆபரேட்டரிடமும் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். எந்தச் சேனலுக்கு எவ்வளவு என்று பில்லைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பார்க்காத சேனலை எடுத்துவிடச் சொல்லுங்கள். வீட்டில் யாரும் தொடாத சினிமா சந்தா இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். வேண்டும் என்கிற மாதம் மறுபடி கட்டிக்கொள்ளலாம். கதவு திறந்தேதான் இருக்கும், வியாபாரி வேண்டாம் என்றா சொல்லப்போகிறார்?

மளிகைக் கடையில் ஒரு ரூபாய் கூடக் கேட்டால் ஏன் என்று கேட்கிறோம். செல்போனில் 699 ரூபாய் போவதைக் கேட்காமல் விடலாமா?