சும்மாடும் தலையணையும்

பழவேற்காட்டில் மீன் ஏலம் முடிகிற நேரத்தில் டீக்கடை பெஞ்சில் இடம் கிடைப்பது கஷ்டம். அன்றைக்குக் கிடைத்தது. எதிரே கூடையை இறக்கிவைத்த ஓர் அக்கா, சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பிடரியைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார். “ஆறு மாசமா தலையணையே வைக்கறதில்ல தம்பி. கழுத்து வலிக்கு அது ஆகாதுன்னாங்க. காலைல எழுந்தா வலி இன்னும் ஜாஸ்தியாத்தான் இருக்கு” என்றார். இந்த யோசனையைக் கேட்காத வீடு உண்டா? அது எங்கே சறுக்குகிறது என்று டீ ஆறுவதற்குள் பார்த்துவிடலாம்.

முதலில் கழுத்து. ஏழு சின்ன எலும்புகள், ஒன்றின்மேல் ஒன்றாக. நட்ட கம்புபோல் நேராக இல்லை. தொண்டைப் பக்கமாக லேசாக வளைந்திருக்கும். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் தலை சுமார் 5 கிலோ, ஒரு நல்ல தர்பூசணி. பகல் முழுக்க அதைத் தசைகள்தான் பிடித்து நிறுத்துகின்றன. இந்த ஏரிக்கரையில் அதற்கு மேலும் சுமை உண்டு. இருளர் பெண்கள் தண்ணீரில் இறங்கி இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும்போது, பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். பறி நிறைய நிறைய, இழுப்பு கழுத்துக்குத்தான். ராத்திரியில்தான் அந்தத் தசைகளுக்கு விடுமுறை.

அந்த விடுமுறை எப்படிக் கெடுகிறது? பாயில் மல்லாந்து படுத்தால் பின்மண்டை தரையைத் தொடும், தோளும் தொடும். நடுவே கழுத்து அந்தரத்தில் நிற்கும். ஒருக்களித்துப் படுத்தாலோ தோளின் அகலத்துக்கு ஓர் இடைவெளி. அக்கா தோளில் கிடந்த சும்மாட்டைக் காட்டினேன். உருண்டைத் தலைக்கும் கூடைக்கும் நடுவே இருக்கும் சந்தை அது அடைப்பதால்தானே கூடை ஆடாமல் நிற்கிறது? தலையணைக்கும் அதே வேலை. கூடைக்குப் பதில் தரை, அவ்வளவுதான்.

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். பேரே தலையணை என்றிருப்பதால் அது தலையைத் தூக்கிவைக்கத்தான் என்று நினைத்துவிடுகிறோம். அணை வேண்டியது கழுத்துக்கு. கெட்டியான இரண்டு தலையணையை அடுக்கி மல்லாந்து படுத்தால் மோவாய் நெஞ்சில் இடிக்கும், பிடரி இழுபடும். அப்படிப் படுத்தவர் ஒன்றை எடுத்துவிட்டதும் சுகப்பட்டிருப்பார். குப்புறப் படுப்பவருக்கும் தலையணை மெலிதாக இருப்பதே, இல்லாமலே போவதே நல்லது. அதிலிருந்து ‘தலையணையே ஆகாது’ என்று ஊருக்கெல்லாம் ஒரே சட்டம் போட்டுவிட்டார்கள். அக்கா ஒருக்களித்துப் படுப்பவர். தலையணை இல்லாமல் அவர் தலை இரவெல்லாம் ஒரு பக்கமாகத் தொங்கியிருக்கிறது.

சரி, எவ்வளவு உயரம்? பாய் அமுங்காது, தோள் முழுசாக மேலே நிற்கும். அதனால் ஒருக்களிப்பவருக்கு உயரமான தலையணை வேண்டும். மெத்தையில் தோள் புதைவதால் அதைவிடத் தாழ்வானது போதும். சென்னையில் மகள் வீட்டுக் கட்டிலில் சுகமாக இருந்த தலையணை இங்கே பாயில் காலை வாருவது இதனால்தான். படுத்த பிறகு பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள்: மூக்கும் மோவாயும் நெஞ்சுக்குழியும் ஒரே கோட்டில், தரைக்கு இணையாக இருந்தால் அளவு சரி. மல்லாந்து படுப்பவருக்கு மெல்லிய தலையணையும், கழுத்துக்கடியில் சுருட்டிய துண்டும் போதும்.

எதை அடைத்தது வாங்குவது? இலவம்பஞ்சின் மேல் எனக்கொரு பிரியம். உள்ளே காற்றும் மேலே மெழுகும் கொண்ட இழை அது. செயற்கை நுரை வருவதற்கு முன் உயிர்காப்பு உடைகளில் அதைத்தான் அடைத்தார்கள். ஆனால் போகப்போக அமுங்கும். கடையில் இருந்த உயரம் வீட்டில் இருக்காது; அவ்வப்போது வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும், ஒரு கட்டத்தில் பஞ்சை மாற்றியே ஆகவேண்டும். ஒருக்களித்துப் படுப்பவர்களை வைத்து ஆஸ்திரேலியாவில் செய்து 2009-இல் வெளியான ஆய்வில் ரப்பர் பாலில் செய்யும் லேடெக்ஸ் நல்ல பேர் வாங்கியது, இறகுத் தலையணை தோற்றது. நடுவே பள்ளம் வைத்து விலை கூட்டி விற்கும் நுரைத் தலையணை, சாதாரண வடிவத்தைவிட மேல் என்று அதில் தெரியவில்லை.

அக்காவுக்கு இப்போதைக்குச் செலவே வேண்டாம். பழைய புடவையை அடுக்கடுக்காக மடித்து, தோளில் ஏறாமல் கழுத்துக்கும் தலைக்கும் கீழே வைத்துப் பார்க்கட்டும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு மடிப்பைக் கூட்டியோ குறைத்தோ பார்க்கலாம். சரிப்பட்ட உயரத்தை விரலால் அளந்துகொண்டு கடைக்குப் போனால் போதும். கை மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்தாலோ, அடிபட்டபின் வந்த வலியானாலோ, வலியோடு காய்ச்சல் சேர்ந்தாலோ புடவையை மடித்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும் என்றும் சொன்னேன்.

“எத்தனை மடிப்பு வரும்னு நெனைக்கறீங்க?” என்றார். அவர் தோளைப் பார்த்து ஆறு என்றேன். “பருத்திப் புடவையா, சில்க்கா?” என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிவிடச் சொன்னார்.