சூடான ஹப், குளிர்ந்த பேரிங்

வீட்டு முற்றத்தில் பைக்கின் சக்கர பேரிங்கை மாற்ற உட்காருகிறவர்களில் பலர், பழையதைத் தட்டிக் கழற்றும்வரை தெம்பாகத்தான் இருப்பார்கள். புதியதை ஹப்பில் வைத்துச் சுத்தியலைத் தூக்கும்போது சிக்கல் தொடங்கும். பாதி இறங்கும், கோணிக்கொள்ளும், பிறகு அசையவே அசையாது. அடியின் வேகம் கூடும். அந்த இடத்தில் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு டீ போடப் போங்கள். கெட்டிலில் தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றுங்கள், இந்த வேலைக்கும் அது தேவை.

பேரிங் இறுக்கமாக இருப்பது குறையல்ல. அதன் வெளிவிட்டத்தைவிட ஹப்பின் குழியை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு சிறியதாகவே கடைந்திருப்பார்கள். அந்தப் பிடி இல்லாவிட்டால், ஓட்டத்தில் வெளிவளையம் குழிக்குள் வழுக்கி வழுக்கி அலுமினியத்தைத் தின்றுவிடும். ஆகவே எமரித் தாளால் குழியைத் தேய்த்துப் பெரிதாக்கும் யோசனையே வேண்டாம். வேண்டியது, மாட்டுகிற அந்த அரை நிமிடத்துக்கு மட்டும் குழி விரிந்து கொடுப்பது.

அதைச் சூடு செய்யும். ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் அலுமினியம் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 23 பங்கு நீளும். எஃகு சுமார் 12 பங்குதான். நம் வண்டிகளில் அடிக்கடி வரும் 6302 எண் பேரிங்கின் வெளிவிட்டம் 42 மி.மீ. ஹப்பை 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு ஏற்றினால் அதன் குழி ஏறக்குறைய 0.05 மி.மீ. விரியும். பேரிங்கை ஃப்ரீசரில் வைத்து மைனஸ் 18 டிகிரிக்குக் கொண்டுபோனால் அது 0.02 மி.மீ.க்குச் சற்று மேல் சுருங்கும். இரண்டையும் சேர்த்தால் இறுக்கம் போய் இடைவெளியே கிடைத்துவிடுகிறது.

சூடேற்றினால் உலோகம் உள்பக்கமும் வீங்கிக் குழி சிறுத்துவிடாதா என்று சிலர் கேட்பார்கள். சிறுக்காது, வளையம் முழுவதும் சேர்ந்து விரிவதால் குழியும் சேர்ந்தே பெரிதாகும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பட்டாவை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, மரச்சக்கரத்தின் மேல் இறக்கி, தண்ணீர் ஊற்றியதும் அது கவ்விக்கொள்ளும்.

முதல்நாள் இரவே புதிய பேரிங்கைப் பிளாஸ்டிக் கவரில் இறுகச் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். மறுநாள் ஹப்பைச் சுத்தமாகத் துடைத்து, பேரிங் உட்காரும் இடத்தைச் சுற்றித் துணி போட்டு, கொதிக்கும் தண்ணீரை நான்கைந்து முறை ஊற்றுங்கள். ஹீட் கன் இருந்தால் இன்னும் நல்லது. ஒரே இடத்தில் காட்டாமல் சுற்றிக் காட்டுங்கள், டயர் பக்கம் போக வேண்டாம். கேஸ் பர்னர் கூடவே கூடாது. பெயின்ட் கருகும், பக்கத்தில் பெட்ரோல் துணி கிடந்தால் விபரீதமாகும். சூடேற்ற வேண்டியது ஹப்பை மட்டும்தான். இருபுறமும் ரப்பர் மூடியுள்ள பேரிங்கைச் சூடாக்கினால் அதன் மூடியும் உள்ளிருக்கும் கிரீஸும் கெடும்.

ஈரத்தைத் துடைத்து, குழியில் துளி எண்ணெய் தடவி, பேரிங்கை நேராக வையுங்கள். பல சமயம் கையழுத்தத்திலேயே இறங்கிவிடும். கோணிக்கொண்டால் அப்படியே அடிக்காதீர்கள். வெளியே எடுத்து, மறுபடி சூடேற்றி, முதலிலிருந்து தொடங்குங்கள். கோணலாக இறங்கும் எஃகு வளையம் மெத்தென்ற அலுமினியத்தைச் சீவிக்கொண்டே போகும். சீவிய அலுமினியம் திரும்ப வராது.

கொஞ்சம் தட்டித்தான் ஆக வேண்டும் என்றால், எங்கே தட்டுகிறோம் என்பதில்தான் பேரிங்கின் ஆயுளே இருக்கிறது. ஹப்புக்குள் இறக்கும்போது வெளிவளையத்தில் மட்டும்தான் அடி விழ வேண்டும். உள்வளையத்தில் தட்டினால், அந்த அடி குண்டுகளின் வழியாகத்தான் வெளிவளையத்துக்குப் போக முடியும். கடினமான குண்டுகள் ஓடுபாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களைப் பதித்துவிடும். புதிய பேரிங் போட்ட கொஞ்ச நாளிலேயே சக்கரத்தில் உறுமல் கேட்டால், இந்தப் பள்ளங்களைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். வெளிவளையத்தின் அளவுக்குப் பொருந்தும் பாக்ஸ் ஸ்பானர் சாக்கெட்டை மேலே வைத்துத் தட்டுங்கள். அதைவிட நல்லது, நீளமான போல்ட்டு ஒன்றும் தடித்த வாஷர்களும். ஹப்பின் ஊடே போல்ட்டைச் செருகி, நட்டை முறுக்க முறுக்கப் பேரிங் நேராக உள்ளே இழுக்கப்படும். சுத்தியலே தேவையில்லை.

பேரிங் அடியில் உட்கார்ந்ததும் தட்டும் ஓசை மாறும். மொத்தென்று கேட்டது, கணீரென்று கெட்டியாகும். அதோடு நிறுத்திவிடுங்கள். இரண்டாவதை மாட்டும் முன் நடுவில் இருக்கும் ஸ்பேசர் குழாயைப் போட மறக்க வேண்டாம். இரண்டாவது பேரிங் அந்தக் குழாயைத் தொட்டால் போதும். அதற்கு மேல் இறக்கினால் உள்வளையங்கள் இரண்டும் பக்கவாட்டில் நெருக்கப்பட்டுப் பேரிங் சூடாகும். எந்தப் பக்கத்தை முதலில் இறக்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். முடிந்ததும் விரலை விட்டு உள்வளையத்தைச் சுழற்றிப் பாருங்கள். வழவழப்பாகச் சுற்ற வேண்டும், எங்கும் தடுக்கக் கூடாது.

சூடேற்றாமலேயே பேரிங் லொடலொடவென்று விழுந்தால், குழி ஏற்கெனவே தேய்ந்துவிட்டது என்று பொருள். அது வீட்டில் தீரும் வேலையல்ல. லேத் பட்டறையில் கொடுத்துப் புஷ் போட வேண்டும், அல்லது ஹப்பையே மாற்ற வேண்டும்.

கடையில் கொடுத்து மாட்டுவதானாலும் சில நிமிடம் பக்கத்தில் நின்று பாருங்கள். சுத்தியல் உள்வளையத்தில் விழுந்தால் தயங்காமல் நிறுத்தச் சொல்லுங்கள். பேரிங்குக்குக் காசு கொடுத்தவரும், அந்தச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து போகப்போகிறவரும் நீங்கள்தான்.